செட்டையைப் பார்த்தால் வேலை தெரியும்

ஆய்வுகூட வேலையில் சேர்ந்த முதல் கிழமை எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றைத்தான்: எதிர்ப்பக்கம் பார். இரத்தக் குழாய்களைச் சுழற்றுகிற சென்றிபியூஜில் ஒரு குழாயை வைத்தால் நேர் எதிரே அதே நிறையில் இன்னொன்றை வைக்க வேண்டும். ஒரு நோயாளியின் இரத்தம்தான் இருக்கிறதென்றால் எதிரில் தண்ணீர் நிரப்பிய குழாய். அதை மறந்து மூடினால், நிமிடத்துக்கு 3000 சுற்றில் மேசையே ஆடத் தொடங்கும். பதினாறு வருடமாக இதைச் செய்கிறேன். ஒருநாள் இரவு வீட்டில் ஒன்பது அங்குலப் புரொப்பெல்லர் ஒன்றை ஊசியில் கோர்த்து, எந்த இதழ் கீழே இறங்குகிறது என்று பார்த்து, இறங்குகிற இதழின் முதுகை அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கதவில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னா: "ஆஸ்பத்திரிய வீட்டுக்குக் கொண்டு வந்திட்டீங்க."

அவ சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. மட்டக்களப்பில் நாங்கள் ரிமோட் பிளேன் விடுகிறவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஆறு வேலை. யார் செய்த பிளேன் என்று அதில் பெயர் எழுத வேண்டியதில்லை. செட்டையை, அதாவது இறக்கையை, தடவிப் பார்த்தாலே இந்தக் கை காலையில் எட்டு மணிக்கு எங்கே போகிற கை என்று சொல்லிவிடலாம். பொழுதுபோக்கு என்றால் வேலையை மறக்கச் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. எங்கள் பிளேன் ஒவ்வொன்றும் வேலையிலிருந்து மிஞ்சிய துண்டுகளாலும், வேலையில் படிந்த பழக்கத்தாலும் செய்யப்பட்டது.

இதற்குக் காரணம் எளிது. நாங்கள் தொடங்கிய நாளில் பல்சா மரத்தை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அது எக்குவடோரில் வளர்கிற மரம். ஒரு கன மீற்றர் சுமார் 160 கிலோதான் வரும். தேக்கு அதைப்போல நாலு மடங்கு. உலகமெங்கும் மாதிரி விமானம் செய்கிறவர்களுக்கு அதுதான் அரிசி மாதிரி. எங்களுக்கு அதைத் தபாலில் வரவழைக்க வேண்டும், வந்து சேர்வதற்குள் பாதி உடைந்திருக்கும், விலையோ 2022க்குப் பிறகு பேசவே வேண்டாம். ஆகவே கையில் கிடைத்ததில் தொடங்கினோம். கிடைத்தது ரெஜிபோம், பெட்டிகளுக்குள் வருகிற அந்த வெள்ளை நுரைப் பலகை.

ரெஜிபோம் என்றால் எங்கள் ஊரில் இரண்டு பேருடைய சொத்து. ஒன்று மீன் வியாபாரி, மற்றது மணவறை சோடிக்கிறவர். கல்லடியில் இருக்கிற எங்கள் அண்ணன் இரண்டாவது வகை. கல்யாண வீட்டுத் தூண், மயில், வாசல் வளைவு எல்லாம் அவர் கையால்தான். ரெஜிபோமை அவர் கத்தியால் வெட்டுவதில்லை. பழைய அயன்பெட்டியின் சூடாகிற கம்பியை, அதாவது நிக்ரோமை, நேராக்கி ஒரு மர வில்லில் கட்டி, கரண்ட் கொடுத்துச் சூடாக்கி, வெண்ணெயில் நூல் விடுகிற மாதிரி விடுவார். அந்த வில்லைத்தான் எங்கள் முதல் செட்டைக்கும் எடுத்தோம்.

செட்டை வெட்டுவதை ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும். ரெஜிபோம் கட்டையின் இரண்டு பக்கமும் செட்டையின் குறுக்கு வடிவத்தில் போமைக்காத் தகடு குத்தியிருக்கும். உடம்போடு சேர்கிற பக்கத்துத் தகடு பெரியது, நுனிப்பக்கத்துத் தகடு சிறியது. கம்பி இரண்டு தகட்டின் மேலும் உரசிக்கொண்டு போனால் நடுவில் செட்டை பிறக்கும். ஆனால் பெரிய தகட்டில் தூரம் கூட, சிறிய தகட்டில் குறைவு. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் இழுத்தால் சின்னப் பக்கத்தான் முதலில் முடித்துவிட்டு நிற்பான், கம்பி கோணும். அதற்காக இரண்டு தகட்டிலும் ஒன்று முதல் பத்து வரை சம பங்காகப் பிரித்துக் கோடு போட்டிருப்போம். ஒருவர் எண்ணைச் சொல்ல, இரண்டு பேரும் அந்தக் கோட்டில் ஒரே நேரம் இருக்க வேண்டும்.

"ஒண்டு... ரெண்டு... மெதுவா மனே, கம்பிய நீ இழுக்காத, அது தானா வரும். மூண்டு..."

அவர் சொல்வது அப்படியே உண்மை. இழுத்தால் கம்பியின் நடுப்பகுதி பின்தங்கி வளையும், செட்டையின் நடுவில் பள்ளம் விழும். தயங்கி நின்றால் அந்த இடம் உருகிக் குழியாகும். கதவு ஜன்னலெல்லாம் திறந்துதான் வெட்டுவோம், அந்தப் புகை தலையைப் பிடிக்கும். எட்டைத் தாண்டும்போது அண்ணனின் குரல் தணிந்து கிட்டத்தட்ட தாலாட்டு மாதிரி ஆகிவிடும். பின்விளிம்பு கடதாசி அளவுக்கு மெல்லியது, அங்கேதான் பிழை வரும். பத்து என்று சொல்லிக் கம்பி வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் மேல் துண்டைத் தூக்கிப் பார்ப்போம்.

அந்த முதல் செட்டை ஒரு கல்யாண வளைவின் பின்பலகையிலிருந்து வந்தது. அதில் "நல்வரவு" என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. வெட்டியபோது "வர" என்ற இரண்டு எழுத்து இடது செட்டையின் அடியில் தங்கிவிட்டது. அழிக்க மனம் வரவில்லை. தலைக்கு மேலால் போகும்போது வெயிலில் அந்த இரண்டு எழுத்தும் மின்னும்.

வெளிநாட்டில் ஒருவர் இருந்தார், ரிச்சர்ட் கிளைன். நியூயோர்க்கில் விளம்பர நிறுவனத்தில் படம் வரைந்து அமைக்கிற கலை இயக்குநர் வேலை. அவர் மடித்த ஒரு கடதாசிப் பிளேன் மற்றவை மாதிரி சட்டென்று விழாமல் நிதானமாகப் போனது. காரணம், அதன் செட்டையில் படி மாதிரி ஒரு வெட்டு இருந்தது. ஃபோகல்மன் என்ற இன்னொருவருடன் சேர்ந்து 1972 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெரிய விமானங்களுக்கு அது பயன்படவில்லை. ஆனால் தட்டையான போம் பலகையில் பிளேன் செய்கிற ஆட்களுக்கு இன்றைக்கும் அது ஒரு வரம்: ஒரு பலகையின் மேல் அரைப் பலகையை ஒட்டினால் படி வந்துவிடும், வளைத்து உருக்கொடுக்கிற தொல்லை இல்லை. கடதாசியும் பசையும் வெட்டுக்கத்தியும் நாள் முழுக்கக் கையில் இருந்த மனிதனுக்கு இது தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மணவறை அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "அவரும் நம்மட ஆள்தானே" என்றார்.

காத்தான்குடித் தையல்கார நானா எங்களோடு சேர்ந்தது தற்செயலாக. நான் காற்சட்டை சுருக்கக் கொடுத்த கடையில், பைக்கில் கட்டியிருந்த செட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த ஆடுற துண்ட என்னத்தால புடிச்சிருக்கீங்க?" பிளேனை இடம் வலம் சாய்க்கிற அந்தத் துண்டை, எய்லரோனை, நான் பார்சல் டேப்பால் ஒட்டியிருந்தேன். வெயிலில் டேப் இளகும், ஒரு மாதத்தில் எய்லரோன் தொங்கும். அவர் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். "டேப் நிக்காது. தைக்கணும்."

தைத்தார். ரெஜிபோமை நூல் அறுத்துவிடும் என்பதால் இரண்டு விளிம்பிலும் மூங்கில் சீவலை ஒட்டி, ஓட்டை போட்டுக் கொடுத்தேன். நைலோன் நூல் செட்டையின் மேலிருந்து இறங்கி, இடைவெளிக்குள் புகுந்து, எய்லரோனின் அடியால் வெளிப்பட்டு, மறுபடி அதே இடைவெளியால் திரும்பிச் செட்டையின் அடிக்குப் போனது. எட்டுப் போட்ட மாதிரி. ஒவ்வொரு தையலும் அடுத்ததைக் குறுக்கே பிடிப்பதால் எய்லரோன் மேலே கீழே மட்டும் ஆடும், பக்கவாட்டில் ஒரு மயிரிழை அசையாது. பழைய காலத்து மாதிரி விமானக்காரர்கள் இப்படித்தான் தைத்தார்கள் என்று பிறகுதான் படித்தேன். நானாவுக்கு அது தெரியாது. துணி எப்படி இழுபடும் என்று முப்பது வருடமாகத் தெரிந்த விரல்களுக்கு அந்த எட்டு தானாகவே வந்தது. நான் இதுவரை எத்தனையோ பிளாஸ்டிக் கீல் வாங்கிப் போட்டிருக்கிறேன். அவர் தைத்த முதல் கீல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிளேன் உடைந்துவிட்டது, கீல் உடையவில்லை.

பாலமீன்மடுவில் படகு எஞ்சின் திருத்துகிற மாமாவுக்கு விளக்கம் தேவைப்படவே இல்லை. புரொப்பெல்லரில் 9×6 என்று இருந்ததைப் பார்த்ததும், "ஒம்பதங்குலம் விட்டம், ஒரு சுத்துக்கு ஆறங்குலம் முன்னுக்குப் போகும். நம்மட எஞ்சின்லயும் இப்படித்தானே" என்றார். தண்ணீரோ காற்றோ, கடைந்துகொண்டு முன்னே போவதுதான் கணக்கு. மின் மோட்டர் மட்டும் அவருக்குப் பிடிக்காது. மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் கலந்து எரிகிற சின்ன எஞ்சின் ஒன்றைப் பழைய சாமானில் கண்டெடுத்து வைத்திருக்கிறார், ஊற்றுவதற்குத்தான் எரிபொருள் இல்லை. மாதம் ஒருமுறை துடைத்து, எண்ணெய் விட்டு, விரலால் சுற்றி, அமுக்கம் இருக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டு மறுபடி சீலையில் சுற்றி வைப்பார்.

அவருக்குப் போன வருடம் கண்ணில் வெள்ளை படர்ந்தது. பிளேன் இருநூறு மீற்றர் போனதும் அது வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை என்று ரிமோட்டை என்னிடம் தந்துவிட்டு வரம்பில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவருக்கு மேனார்ட் ஹில்லின் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரயோக பௌதிக ஆய்வுகூடத்தில் உலோகங்களோடு வேலை பார்த்தவர். 77 வயதில், கண் பார்வை அநேகமாகப் போய்விட்ட நிலையில், விரலால் தடவித் தடவிப் பல்சாவில் பிளேன்கள் செய்தார். அவற்றில் ஒன்று 2003 ஓகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு 38 மணி 52 நிமிடம் பறந்து அயர்லாந்தில் இறங்கியது. மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல். எரிபொருளோடு சேர்த்து ஐந்து கிலோவுக்கு உள்ளே. மாமா கேட்டது ஒரே கேள்வி: "எண்ணெய் எவ்வளவு குடிச்சிது?" பிறகு மறுகிழமையே கண் கிளினிக்குக்குத் திகதி எடுத்துக்கொண்டார். இப்போது நன்றாகப் பார்க்கிறார்.

கணித சேரைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, அவர் பிளேன் விடுவதே குறைவு. ஆனால் அவர் நோட்டுப் புத்தகம் இல்லாமல் எங்களில் யாரும் செட்டை வெட்டுவதில்லை. நீளம் 120 சென்ரிமீற்றர், அகலம் 20, பரப்பு 2400 சதுர சென்ரிமீற்றர். நிறை 720 கிராம். அப்படியென்றால் மணிக்கு ஏறக்குறைய 24 கிலோமீற்றருக்குக் கீழே போனால் செட்டை தாங்காது, விழும். நிறைமையம் முன்விளிம்பிலிருந்து ஐந்து, ஐந்தரை சென்ரிமீற்றரில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் மூக்கு ஒரு சொட்டுக் கீழே சாய வேண்டும். சேர் இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விசையின் திருப்பம் படிப்பிக்கிறபோது செய்து காட்டுகிறார். தராசுப் படத்தைவிடப் பிள்ளைகளுக்கு இது ஏறுகிறதாம்.

எங்கள் மைதானம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஊருக்குள்ளே விமான நிலையம் இருக்கிறது. 1958 இல் வந்தது, 1983 இலிருந்து விமானப்படையிடம், 2018 இல் பயணிகளுக்கும் திறந்தார்கள். அந்தப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை. மண்முனைப் பாலம் வழியாகப் போவோம். 2014க்கு முன்னால் என்றால் அங்கே பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும், விடியக் காலையில் பிளேனோடு போவதை நினைத்தே பார்க்க முடியாது. பெரும்போகம் வெட்டி முடிந்தால் மாசி கடைசி, பங்குனியிலிருந்து அடுத்த விதைப்பு வரை மானாவாரி வயல் சும்மா கிடக்கும். வயல்காரரின் நிபந்தனை ஒன்றே ஒன்று: வரம்பை உடைக்கக் கூடாது. அவருடைய மகன்தான் எங்களில் ஆறாவது ஆள், வெட்டு மெஷின் ஓட்டுகிறவன். அறுவடைக் காலத்தில் அம்பாறைப் பக்கம் போனால் ஒன்றரை மாதத்துக்கு ஆளைக் காண முடியாது. வந்து சேரும்போது அவன் கண் மட்டும் தனித் திறமையோடு வரும். மெஷினின் உயரத்தில் இருந்து நாள் முழுக்க வயலைப் பார்க்கிறவன் என்பதால், பிளேன் எங்கே விழுந்தாலும் நேரே நடந்து போய் எடுத்துவிடுவான்.

விடியற்காலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் நடுவில்தான் பறப்பு. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பிவிட்டால் பத்து மணிக்கெல்லாம் வயலில் நிற்க முடியாது. சேரின் 24 கிலோமீற்றரை நினைத்துக்கொள்ளுங்கள்: காற்று அதைவிடக் கூட அடித்தால் எதிர்த்து மெதுவாகப் போகிற பிளேன் நின்ற இடத்திலேயே தொங்கும், பிறகு பின்னுக்கு வரும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வயதுக்காரருக்கு வானத்துச் சத்தம் விளையாட்டுச் சத்தம் அல்ல. சின்ன வயதில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் நான் மேலே பார்த்ததில்லை, ஒளிய இடம் பார்த்தேன். வன்னியில் இருந்தவர்கள் உளவு விமானத்தை "வண்டு" என்பார்கள். மின் மோட்டரின் இரைச்சலும் அந்த வண்டின் சத்தத்துக்கு வெகு தூரம் இல்லை. முதல் நாள் நாங்கள் பறக்கவிட்டபோது வயலோரத்து வீட்டு ஆச்சி ஒருத்தி முற்றத்தில் வந்து, கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு, பிளேன் இறங்கும் வரை அசையாமல் நின்றா. பிறகு வந்து கேட்டா: "இது படம் புடிக்கிற சாமானா மனே?" செட்டையைக் கழற்றி, உள்ளே பற்றரியையும், எய்லரோனை ஆட்டுகிற சின்ன மோட்டரான சேர்வோவையும் தவிர ஒன்றுமில்லை என்று காட்டினோம். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தோம், எங்கள் பிளேனில் கமெரா ஏறாது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் எங்கள் ஊர்த் தேவாலயமும் போனது. நான்கே நாளில் ஆளில்லாமல் பறக்கிறவை எல்லாவற்றுக்கும் தடை வந்தது. அந்த வருடம் முழுக்க எங்கள் பிளேன்கள் பரணில் கிடந்தன. அதன்பிறகு பொலிசுக்கும் கிராம சேவகருக்கும் சொல்லாமல் வயலுக்குப் போனதில்லை. ஆச்சி இப்போது தேத்தண்ணீர் தருவா. ஆனால் பிளேன் தலைக்கு மேலே வந்தால் இன்னமும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவா. ஆகவே அந்த வீட்டுக்கு மேலால் நாங்கள் விடுவதில்லை, அதற்கு முன்னமே திருப்பிவிடுவோம்.

"வர" எழுதிய அந்தப் பிளேன் உடைந்தது என்னால்தான். ஒரு சேர்வோ பழுதாகி, இரவு வேலைக்கு இடையிடையே புதிதைப் பூட்டியிருந்தேன். சனிக்கிழமை இரவு முழுக்க வேலை. கூட வேலை செய்கிற அக்கா ஐந்து மணிக்கே வந்து பொறுப்பெடுத்து என்னை விட்டுவிட்டா. நேரே வயலுக்குப் போனேன். ரிமோட்டை ஆட்டினேன், எய்லரோன் ஆடியது, கையால் எறிந்தேன். பிளேன் இடப்பக்கம் சாய்ந்தது. வலம் கொடுத்தேன். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. முழு வலம் கொடுத்தேன். நாலு செக்கனுக்குள் வரம்பில் மூக்கால் குத்தியது. சேர்வோவைத் திருப்பிப் பூட்டியிருந்தேன். எய்லரோன் ஆடுகிறதா என்று பார்த்தேனே தவிர எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்கவில்லை.

ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு நாளும் நோயாளியின் இரத்தத்தைத் தொடுவதற்கு முன்னால், அளவு தெரிந்த மாதிரி ஒன்றை இயந்திரத்தில் போட்டுப் பார்ப்போம். அதைக் கொன்ட்ரோல் போடுவது என்போம். விடை சரியாக வந்தால்தான் அன்றைய வேலை தொடங்கும். இதை நான் முன்னொருநாள் சேருக்கு விளக்கியிருக்கிறேன். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் குந்தி மெதுவாகக் கேட்டார்: "கொன்ட்ரோல் போட்டீங்களா தம்பி?" ஏச்சு எதுவும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பிளேனுக்காக இல்லை. அதே அசட்டையை வேலையில் செய்தால் யாருடைய இரத்த அறிக்கையில் பிழையான எண் ஏறும் என்று நினைத்துத்தான். அன்றிலிருந்து எங்கள் ஆறு பேரும் எறிவதற்கு முன்னால் பின்னே நின்று, வலம் என்றால் வலது எய்லரோன் மேலே, இடம் என்றால் இடது மேலே என்று வாய்விட்டுச் சொல்லுவோம். அதற்கு எல்லோரும் வைத்திருக்கிற பெயர் கொன்ட்ரோல் போடுவது. தையல்கார நானாவும் அப்படித்தான் சொல்லுகிறார்.

ஐந்து பேரைச் சொல்லிவிட்டேன், என்னோடு சேர்த்து ஆறு. உண்மையில் ஏழாவது ஒருவன் இருந்தான். போன் திருத்துகிற கடைத் தம்பி. எங்கள் பற்றரி, ஈயப் பற்று, வயர் எல்லாம் அவன் கை. ஒரு செல்லை 3 வோல்ற்றுக்குக் கீழே இறக்காதே, வீங்கிய பற்றரியை வீட்டுக்குள் வைக்காதே என்று எங்களை உருட்டி உருட்டிச் சொன்னவன். இப்போது அனுமதி எடுத்து ட்ரோன் வாங்கி, கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கப் போகிறான். நல்ல வரும்படி. முகூர்த்தம் எல்லாம் ஞாயிறில் விழுவதால் வயலுக்கு வருவதில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். பொழுதுபோக்கு வேலையாவது புதிதல்ல. ரெஜினோல்ட் டென்னி என்ற ஹொலிவுட் நடிகர் பிளேன் பைத்தியம் பிடித்து 1930களில் அங்கேயே மாதிரி விமானக் கடை போட்டார். அது வளர்ந்து ரேடியோபிளேன் என்ற கொம்பனியாகி, இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக்காரர் சுட்டுப் பழக ஆயிரக்கணக்கில் பிளேன் செய்து கொடுத்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு இளம்பெண்ணைப் படையின் படப்பிடிப்பாளர் படம் எடுத்தார். அந்தப் பெண்தான் பிறகு மர்லின் மன்றோ. கதையாகக் கேட்கச் சுவைதான். ஆனால் சுடுவதற்கென்றே பிளேன் செய்கிற இடத்துக்கு அந்தக் கடை போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. தம்பியிடம் ஒருநாள் கேட்டேன், சும்மா ஒரு பிளேன் விட ஆசை வருவதில்லையா என்று. "வருது அண்ணா. ஆனா ரிமோட்ட தொட்டா மறுகா கஸ்டமர்ட முகம்தான் நினைவுக்கு வருது" என்றான்.

இந்த முறை நோன்பும் அறுவடையும் ஒன்றாக வந்துவிட்டன. வயல் வெட்டியாயிற்று, வெட்டிய நெல்லின் ஒட்டு மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. மெஷின்காரப் பொடியன் அம்பாறையிலிருந்து திரும்பிவிட்டான். மணவறை அண்ணனோடு போன கிழமை புதிய செட்டை வெட்டினேன், பத்துக் கோடும் பிசகவில்லை. எய்லரோன் தைப்பது மட்டும் மிச்சம். காத்தான்குடிக்குக் கொண்டுபோனால், கடை முழுக்கப் பெருநாள் உடுப்பு. வெட்டிய துணி மேசை மேலே மலை, இரவு தராவீஹ் தொழுகை முடிந்து வந்து சகர் சாப்பாடு வரைக்கும் மெஷின் ஓடுகிறதாம். நானா செட்டையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பின்விளிம்பை விரல் நுனியால் ஒருமுறை தடவினார். பிறகு சின்னப் பிள்ளைகளின் சட்டைகள் தொங்குகிற கம்பியில், இரண்டு சட்டைக்கு நடுவில் அதையும் மாட்டிவிட்டு, "பெருநாள் கழியட்டும் தம்பி" என்றார்.